அமெரிக்க அதிபர்களின் கோல்ஃப் கணக்கு: எந்த எண்ணை நம்புவது?

சந்தேகி (இழையைத் தொடங்கியவர்)

தேர்தல் வந்தாலே, எந்த அதிபர் பதவியில் இருந்தபோது எத்தனை சுற்று கோல்ஃப் ஆடினார் என்கிற சண்டையும் வந்துவிடுகிறது. (ஒரு சுற்று என்றால் பொதுவாக 18 குழி.) ஒபாமா 300 சுற்றுக்கு மேல், டிரம்ப் அதையும் தாண்டிவிட்டார், ஐசனோவர் 800, வில்சன் 1,000 என்று ஆளுக்கொரு எண்ணைத் தூக்கி வீசுகிறார்கள். எனக்கு மூன்று சந்தேகம். இந்த எண்களை எண்ணுவது யார்? 2024 ஜூன் 27 விவாத மேடையில் பைடனும் டிரம்பும் ஹேண்டிகேப்பை (ஆட்டத்திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்) வைத்து முட்டிக்கொண்டார்களே, அது எப்படி வருகிறது, அதில் ஓட்டை எங்கே? கடைசியாக, செலவு. கட்சிச் சண்டை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்பேடு

முதல் கேள்விக்கு: வெள்ளை மாளிகை இப்படி ஒரு கணக்கை வெளியிடுவதே இல்லை. ஒபாமா காலத்து எண்ணிக்கை பெரும்பாலும் சி.பி.எஸ். வானொலி நிருபர் மார்க் நோலர் தன் கைப்பட வைத்திருந்த பட்டியலிலிருந்து வந்தது. அதிபர் எங்கே போனாலும் கூடவே ஒரு சிறு நிருபர் குழு போகும். வண்டி வரிசை எத்தனை மணிக்கு மைதானத்துக்குள் நுழைந்தது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று அவர்கள் குறிப்பு அனுப்புவார்கள். நோலர் போன்றவர்கள் அதைச் சேர்த்துவைத்து எண்ணினார்கள்.

இங்கேதான் முதல் ஓட்டை. ஒபாமா விஷயத்தில் யார் யாருடன் ஆடினார் என்பது வரை பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். டிரம்ப் போவது தன் சொந்த கிளப்புக்கு. அவர் அங்கே ஆடினாரா, சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்பதைப் பல நாள் அதிகாரிகள் உறுதி செய்யவே இல்லை. அதனால் அவர் கணக்கில் இருப்பது ‘கிளப்புக்குப் போன நாள்’, ஒபாமா கணக்கில் இருப்பது ‘ஆடிய சுற்று’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டை வரைபடம் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எண்ணுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: உள்ளே இருந்த நேரம் நான்கு மணி நேரத்தைத் தொட்டால் 18 குழி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி என்றால் 9 குழி, அல்லது வெறும் மதியச் சாப்பாடு. ஆனால் மூத்த புஷ் இந்தக் கணக்கில் அடங்கமாட்டார். அவர் 18 குழியையே இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்.

கணக்கப்பிள்ளை

மொத்த எண்ணை விடுங்கள், பதவியில் இருந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள்.

ஐசனோவர்: சுமார் 800 சுற்று, 8 ஆண்டு, அதாவது 2,922 நாள். மூன்றரை நாளுக்குச் சற்று மேல் ஒரு சுற்று.

ஒபாமா: அதே 2,922 நாள். 300 என்று எடுத்தால் கிட்டத்தட்ட பத்து நாளுக்கு ஒன்று.

வில்சன்: 1,000க்கு மேல் என்பதுதான் பொதுவான மதிப்பீடு. எல்லோரும் 8 ஆண்டால் வகுக்கிறார்கள், அது தப்பு. 1919 அக்டோபர் தொடக்கத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது, அதோடு ஆட்டம் முடிந்தது. 1913 மார்ச்சிலிருந்து அதுவரை சுமார் 2,400 நாள். ஆக இரண்டரை நாளுக்கு ஒரு முறை மைதானத்தில் நின்றிருக்கிறார், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது! ஐசனோவரைவிட வேகம். ஆனால் அந்த ஆயிரத்தில் 18 குழியும் முடித்த நாள் எத்தனை என்று இந்த மதிப்பீடு பிரித்துக் காட்டாது.

தெருவிளக்கு

வில்சனுக்கு அது மருந்துச் சீட்டு மாதிரி. அவருடைய மருத்துவர் கேரி கிரேசன்தான் உடம்பு தேற ஆடச் சொன்னார். பனிக்காலத்திலும் விடவில்லை, வெள்ளைப் பனியில் பந்து தெரிய வேண்டும் என்று நிறமடித்த பந்தை வைத்து ஆடினார். இவ்வளவு ஆடியும் 100 அடிக்குள் ஒரு சுற்றை முடித்த நாள் அபூர்வம் (கோல்ஃபில் பந்தை எத்தனை முறை அடித்தார் என்பதுதான் கணக்கு, குறைந்தால் நல்லது). எண்ணிக்கைக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இவரைவிட சாட்சி வேண்டாம்.

சந்தேகி

சரி, அப்போ திறமைக்கு எது அளவு? ஹேண்டிகேப்பா?

மணல்குழி

ஆமாம், சரியாகப் பதிந்தால் மட்டும். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை. படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண் உண்டு. கோர்ஸ் ரேட்டிங் என்பது, ஹேண்டிகேப் பூஜ்யமாக உள்ள ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்பது. ஸ்லோப் என்பது, சாதாரண ஆட்டக்காரரை அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகப் படுத்தும் என்பது. நடுத்தர ஸ்லோப் 113.

ஒரு சுற்று முடிந்ததும்: உங்கள் மொத்த அடியிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழியுங்கள். வருவதை 113ஆல் பெருக்கி ஸ்லோப்பால் வகுங்கள். அதுதான் அந்தச் சுற்றின் வித்தியாசம். (அன்றைய காற்று, மழைக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு, இப்போதைக்கு விடுவோம்.) கடைசி 20 சுற்றின் வித்தியாசங்களில் மிகக் குறைந்த 8ஐ எடுத்து சராசரி போட்டால் ஹேண்டிகேப் இண்டெக்ஸ்.

உதாரணம்: ரேட்டிங் 72.0, ஸ்லோப் 130, அடி 85. 13 × 113 ÷ 130 = 11.3. இதே ஆள் ஐந்து அடியை ‘மறந்துவிட்டு’ 80 என்று பதிந்தால் 8 × 113 ÷ 130, அதாவது 7.0. குழிக்குக் குழி திருட வேண்டியதில்லை, 18 குழியில் ஐந்து அடியை விழுங்கினால் போதும், சுமாரான ஆட்டக்காரர் நல்ல ஆட்டக்காரராகிவிடுவார். சிறந்த 8 சுற்றுகள் மட்டும் கணக்கில் வருவதால் 20லும் திருட வேண்டாம், எட்டில் திருடினால் போதும்.

விவாத மேடையில் பைடன் சொன்னது, துணை அதிபராக இருந்தபோது 6 வரை இறங்கினேன் என்று. டிரம்ப் சொன்னது, இரண்டு கிளப் சாம்பியன்ஷிப் வென்றேன் என்று. முன்னதைச் சரிபார்க்கப் பதிந்த சுற்றுகளின் பட்டியல் வேண்டும். பின்னதைச் சரிபார்க்க மதிப்பெண் அட்டையும் உடன் ஆடியவரும் வேண்டும்.

ஒன்பதாம் நம்பர்

அதிபர்கள் பலர் குறுகிய பட்டிங்கை (குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிடும் அடி) அடித்து முடிப்பதில்லை, எதிராளி ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுகிறார். அந்த கிம்மிதானே பெரிய மோசடி? அதிபருக்கு யார் ‘இல்லை, அடியுங்கள்’ என்று சொல்வார்?

மணல்குழி

கிம்மி பெரிய பிரச்சினை இல்லை, ஒரு அடி சேர்த்து எழுதினால். விதியே இதற்கு வழி சொல்கிறது: குழியை முடிக்காமல் விட்டால் ‘பெரும்பாலும் எத்தனையில் முடிந்திருக்கும்’ என்று எழுதலாம். பந்து குழியிலிருந்து 5 அடி தூரத்துக்குள் கிடந்தால் ஒரு அடி சேர்க்க வேண்டும். 5 அடிக்கு மேல் 20 கஜம் வரை என்றால் இரண்டோ மூன்றோ. 10 அடி தூரத்தில் கிடக்கும் பந்துக்கு ஒன்று மட்டும் எழுதினால்தான் தப்பு.

உண்மையான ஓட்டை முல்லிகன். முதல் அடி காட்டுக்குள் போனால் அது நடக்கவே இல்லை என்று இன்னொன்று அடிப்பது. விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையாது. கிளின்டன் இதைத் தாராளமாக எடுத்ததால் ‘பில்லிகன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லிண்டன் ஜான்சன் இன்னும் மோசம், திருப்தியான அடி விழும்வரை அடிப்பார். அவருக்கு ஆட்டமே சாக்குதான், பக்கத்தில் நடக்கிற செனட்டரிடம் வாக்குக் கேட்பதுதான் வேலை.

இன்னொன்று: அமெரிக்காவில் தனியாக ஆடிய சுற்றை ஹேண்டிகேப்புக்குப் பதிய முடியாது. கூட ஒருவராவது இருந்திருக்க வேண்டும்.

சந்தேகி

எல்லாம் கழித்துப் பார்த்தால் யார் நல்ல ஆட்டக்காரர்?

பழுப்பேடு

கென்னடி. பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வது இதை. ஹார்வர்டில் முதலாண்டு மாணவர் அணியில் ஆடியவர், அழகான ஸ்விங், முதுகுவலி மட்டும் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக ஆடியிருப்பார். வேடிக்கை என்னவென்றால் ஒளித்து ஒளித்து ஆடினார். எட்டு ஆண்டாக இவருடைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஐசனோவரை ‘ஆட்சி செய்யாமல் கோல்ஃப் ஆடுகிறார்’ என்று கேலி செய்திருந்தார்கள். அதே மட்டையோடு இவர் படத்தில் வந்தால் என்னாவது? 1960 பிரச்சார சமயத்தில் கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயிண்டில் அவர் அடித்த பந்து நேராகக் குழியை நோக்கி உருண்டபோது, உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று பதறினாராம். ஒரே அடியில் குழி விழுந்தால் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிடும் அல்லவா.

இந்தப் பயம் அவரோடு தொடங்கவில்லை. 1908 தேர்தலில் நின்ற டாஃப்டுக்கு அப்போதைய அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்: குதிரை மேல் இருக்கிற படம் பரவாயில்லை, டென்னிஸ் படம் வேண்டாம், கோல்ஃப் படம் வந்தால் ஆளையே தீர்த்துவிடும் என்கிற பாணியில். டாஃப்ட் கேட்கவில்லை. ஆடினார், ஜெயித்தார், வெள்ளை மாளிகைக்குப் போயும் ஆடினார்.

பச்சைத்தரை

யாரும் புல்லைப் பற்றிப் பேசவில்லையே. வெள்ளை மாளிகையின் தென்புல்வெளியில் 1954இல் ஐசனோவருக்காக அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒரு பட்டிங் கிரீன் (பந்தை உருட்டிக் குழியில் போடப் பழகும் குட்டைப் புல்தரை) போட்டுக் கொடுத்தது. அதிபரின் அலுவலகமான ஓவல் அறையிலிருந்து நேரே இறங்கிப் போகிற தூரம். அதனால் ஆணி வைத்த ஷூவோடு அறைக்குள்ளும் வெளியிலுமாக நடந்து, கார்க் தரை முழுக்கக் குத்துத் துளை. கார்க் மெத்தென்று இருக்கும், இரும்பு ஆணி இறங்கினால் பள்ளம் மூடாது. பின்னால் வந்த கென்னடி அந்தத் துளைகளை விருந்தாளிகளுக்குக் காட்டுவாராம்.

அணில் கதை தெரியுமா? கிரீனில் மண் இளகி இருக்கும், மணல் கலந்து இருக்கும். கொட்டையைப் புதைக்க அணிலுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் ஏது. பட்டிங் பாதையில் ஒரு விரல்கடை பள்ளம் இருந்தால் போதும், பந்து கோணிக்கொண்டு போகும். ஐசனோவர் கடுப்பாகி, பொறி வைத்துப் பிடித்து வேறெங்காவது விடச் சொன்னார். 1955இல் ஓரிகன் செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கர் அணில்களைக் காப்பாற்ற ஒரு நிதியே தொடங்கிவிட்டார். நிக்சன் காலத்தில் கிரீன் போயிற்று. மூத்த புஷ்ஷும் கிளின்டனும் 90களில் மறுபடி கொண்டுவந்தார்கள்.

வாஷிங்டனில் அப்படிப்பட்ட கிரீனைக் காப்பது லேசான வேலை இல்லை. கிரீனுக்கு ஏற்றது பெண்ட் புல், அது குளிர்நாட்டுப் புல். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வாஷிங்டன் இரவுகூடப் புழுங்கும், அப்போது வேர் சுருங்கி மேல்மண்ணிலேயே நின்றுவிடும். இலை ஈரமாகவே இருந்தால் பூஞ்சை வட்டம் வட்டமாகப் பழுப்படிக்கும். பைத்தியம் என்ற நோய் வந்தால் (பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்) ஓரிரு நாளில் தரை அழுகிவிடும். வழி என்ன? கீழே 10 செ.மீ. சரளை, அதில் வடிகுழாய், மேலே 30 செ.மீ. மணல் கலவை. நீர் நிற்கவே கூடாது. மதியம் மெல்லிய தூறல் போல நீர் தெளித்து இலையைக் குளிர்விக்க வேண்டும், வேருக்குத் தண்ணீர் விடியற்காலையில். மாலையில் தண்ணீர் விட்டால் இரவெல்லாம் ஈரம், பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

தெருவிளக்கு

ஐசனோவர் என்றால் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா கோல்ஃப் கிளப்பின் மரத்தைச் சொல்லாமல் எப்படி? 17ஆம் குழியில் இடதுபக்கம் சுமார் 65 அடி உயர லாப்லாலி பைன், மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து 210 கஜம். அவர் பந்து ஓயாமல் அதில் போய் அடித்தது. 1956இல் கிளப் கூட்டத்தில் எழுந்து வெட்டச் சொன்னார். தலைவர் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ், இது விவாதத்துக்கு உரியதல்ல என்று சொல்லிக் கூட்டத்தையே கலைத்துவிட்டார். நார்மண்டியில் படையிறக்கியவரால் ஒரு மரத்தை இறக்க முடியவில்லை. 2014 பிப்ரவரி பனிப்புயலில் கிளைகள் முறிந்த பிறகுதான் அகற்றினார்கள்.

ஒன்பதாம் நம்பர்

உடம்புக்கு நல்லது என்று ஆடினாலும், 1955 செப்டம்பரில் டென்வர் பக்கம் செர்ரி ஹில்ஸில் ஒரே நாளில் 27 குழி ஆடிவிட்டு, அன்றிரவே மாரடைப்பு அவருக்கு. அதன் பிறகும் 1956 தேர்தலில் நின்று ஜெயித்தார், மறுபடியும் ஆடினார்.

சந்தேகி

பாதுகாப்பு எப்படி? சுற்றிலும் வெட்டவெளி.

பழுப்பேடு

கஷ்டமான இடம். பெரிய பரப்பு, ஓரத்தில் புதர், அதற்கப்பால் பொதுச் சாலை. அதைவிட மோசம், அடுத்து எங்கே வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். 5ஆம் குழியில் நிற்பவர் அடுத்து 6க்குத்தான் வருவார். அதனால் காவலர்களில் ஒரு பகுதி எப்போதும் ஒரு குழி முன்னே போகும், பின்னாலும் பக்கவாட்டிலும் காவலர்களின் சிறு கோல்ஃப் வண்டிகள் வரும்.

2024 செப்டம்பர் 15, ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில் டிரம்பை அதுதான் காப்பாற்றியது. டிரம்ப் அப்போது வேட்பாளர், ஆட்டம் முன்கூட்டி அறிவித்த நிகழ்ச்சி அல்ல, அதனால் வேலி ஓரம் முழுவதையும் முன்னதாக அலசவில்லை. துப்பாக்கியோடு வந்த ஆள் சுமார் 12 மணி நேரம் புதரில் இருந்திருக்கிறான். ஒரு குழி முன்னே போன காவலர் வேலி இடுக்கில் துப்பாக்கிக் குழலைப் பார்த்துச் சுட்டார். டிரம்ப் அப்போது சில நூறு கஜம் பின்னால்.

1983 அக்டோபர் 22 வேறு வகை. ரீகன் அகஸ்டாவில் 16ஆம் குழியில். ஒருவன் பிக்கப் வண்டியால் வாயிற்கதவை உடைத்து உள்ளே வந்து, கிளப் கடையில் பணயக்கைதிகளைப் பிடித்து அதிபரோடு பேச வேண்டும் என்றான். ரீகன் தொலைபேசியில் முயன்றும் பேச்சு நடக்கவில்லை, கடைசியில் அவன் சரணடைந்தான். மறுநாள் விடிவதற்குள், பெய்ரூட்டில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் குண்டுவெடித்த செய்தி. கோல்ஃப் வாரக்கடைசி அதோடு முடிந்தது.

கணக்கப்பிள்ளை

மூன்றாம் கேள்வி, செலவு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இரண்டு அறிக்கை தந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2013 பிப்ரவரியில் ஒபாமா சிகாகோ போய், அங்கிருந்து ஃபுளோரிடா போய் ஆடியது: ஒரே பயணம், சுமார் 36 லட்சம் டாலர்.

2017 பிப்ரவரி, மார்ச்சில் டிரம்ப் ஃபுளோரிடாவில் உள்ள தன் மார்-அ-லாகோ மாளிகைக்கு நான்கு முறை போனது: சுமார் 1 கோடியே 36 லட்சம். நான்கால் வகுத்தால் 34 லட்சம்.

ஆக, ஒரு பயணத்துக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் எத்தனை முறை போகிறார்கள் என்பதில். பணத்தைத் தின்பது கோல்ஃப் அல்ல, விமானம். நான்கு பயணச் செலவில் சுமார் 1 கோடியே 6 லட்சம் விமானம், படகு போன்றவற்றை இயக்கியதற்கே. மார்-அ-லாகோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், அதனால் கடலோரக் காவல்படைப் படகும் வேண்டும். மீதி முப்பது லட்சம் ஊழியர்கள் வெளியூரில் தங்கிய செலவு. சம்பளம் இதில் இல்லை, எப்படியும் கொடுத்திருப்பார்கள் என்பதால்.

அதனால்தான் ஒபாமா பெரும்பாலும் ஆடியது பக்கத்து ஆண்ட்ரூஸ் படைத்தளத்து மைதானத்தில். வண்டியில் போய் வண்டியில் வரலாம், ஏற்கெனவே காவல் உள்ள இடம். சுற்று எண்ணிக்கையை மட்டும் வைத்துச் செலவைப் பெருக்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆண்ட்ரூஸ் சுற்றும் பாம் பீச் சுற்றும் ஒரே எடை அல்ல.

ஒன்பதாம் நம்பர்

அரசியல் லாபமும் உண்டு, அதைச் செலவுக் கணக்கில் யாரும் கழிப்பதில்லை. 1957இல் ஜப்பான் பிரதமர் கிஷியை ஐசனோவர் பர்னிங் ட்ரீ கிளப்புக்குக் கூட்டிப்போய் ஆடினார், போர் முடிந்து 12 ஆண்டுதான் ஆகியிருந்தது. (பெண்களைச் சேர்க்காத கிளப், அதையும் சொல்லிவிட வேண்டும்.) கிஷியின் பேரன், அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே 2016 நவம்பரில் டிரம்பைப் பார்க்கப் போனபோது ஹோன்மா நிறுவனத்தின் தங்கநிற டிரைவர் மட்டை (தொலைதூரம் அடிக்கும் கோல்ஃப் மட்டை) ஒன்றைக் கையோடு கொண்டுபோனார். மூன்று மாதத்தில் ஃபுளோரிடாவில் இருவரும் சேர்ந்து ஆடினார்கள்.

சந்தேகி

அப்படியானால் யாராவது ‘இவர் இத்தனை சுற்று’ என்றால் நான் கேட்க வேண்டியது: ஆடிய சுற்றா, போன நாளா? எத்தனை நாளில்? எந்த மைதானம்? சரியா?

பழுப்பேடு

சரி. நான்காவதாக, எண்ணியவர் யார் என்பதையும் கேளுங்கள்.

மணல்குழி

கடைசியாக ஒரு திருத்தம். ஐசனோவர் பதவியில் இருந்தபோது ஒரே அடியில் குழி போட்டதாகச் சில பக்கங்களில் பரவுகிறது. அது 1968 பிப்ரவரியில், பாம் ஸ்பிரிங்ஸ் செவன் லேக்ஸ் மைதானத்தின் 13ஆம் குழியில், 104 கஜம், 9ஆம் நம்பர் அயர்ன் மட்டை. பதவி முடிந்து ஏழு ஆண்டு, வயது 77.

ஒன்பதாம் நம்பர்

என் பெயர் அங்கிருந்துதான் வந்தது என்று இனி சொல்லிக்கொள்கிறேன்.